கல்யாணக் கூந்தலில் கருவாட்டு வாசம்

சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்ட வேண்டும்.

என் மனைவி செல்வி வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். சுருட்டை முடியை நேராக்கும் வேலை வந்துவிட்டால் அன்று முழுக்க இருமல். முடியில் க்ரீம் தடவி, சூடான இரும்புப் பட்டையால் இழுக்கும்போது ஒரு புகை வரும். பச்சை வெங்காயம் நறுக்கியதுபோல் கண்ணில் நீர் கொட்டும்.

டாக்டர் சொல்லிவிட்டார்: "ஒண்ணு, அந்த வேலையை விடுங்க. இல்ல, புகையை வெளிய விடுங்க."

ஜன்னலைத் திறந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஏசி குளிர் போய்விடுமே! தூத்துக்குடி வெயிலில் ஏசி இல்லாத பார்லருக்கு எந்தக் கல்யாணப் பெண் வருவாள்?

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஆபத்தான சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்வது என் வேலை. செல்வியின் க்ரீமில் இருப்பது ஃபார்மலின் என்கிற விஷ மருந்து. அதே ஃபார்மலின் கன்டெய்னரில் வந்தால், எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டாமல் ஓர் அடி நகர விடமாட்டேன். ரோஜாப்பூப் படம் போட்ட பாட்டிலில் என் வீட்டுக்குள் வந்தபோது, "நல்ல வாசமா இருக்கே" என்றேன். நான் எப்படிப்பட்ட மனிதன் என்று அடிக்கடி யோசிப்பதுண்டு. விடை பெருமைப்படும்படி இருந்ததில்லை.

கடைக்காரர் கேட்டார்: "மாட்டுததுக்கு ஆளு அனுப்பட்டா அண்ணாச்சி?"

"வேண்டாம் அண்ணாச்சி. நாலு ஸ்க்ரூ. நான் பார்க்காத மெஷினா?"

நான் பார்த்ததெல்லாம் மெஷின்களைப் பற்றிய காகிதங்களைத்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். முகத்தில் காற்று அள்ளிக்கொண்டு அடித்தது!

"செல்வி, இங்கன வந்து நில்லு. எப்படி வீசுது பாரு!"

வந்து நின்றாள். நெற்றி வேர்வை காய்ந்தது. யோசித்தாள்.

"வெளிய தள்ளுத ஃபேன்ல இருந்து நமக்கு எதுக்குங்க காத்து வருது?"

"அது ஏர் சர்குலேஷன். உனக்குப் புரியாது."

எனக்கும் புரியவில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆண் அதையெல்லாம் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது.

கல்யாணப் பெண் சித்தியோடு வந்தாள். ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல் விளைகிற ஊர். சுத்த சைவக் குடும்பம். திங்கள்கிழமை முகூர்த்தம்.

செல்வி முதலிலேயே சொல்லிவிட்டாள்: "இத செஞ்சா, முகூர்த்தம் முடியுத வரைக்கும் தலையில தண்ணி படக் கூடாதும்மா."

க்ரீம் தடவி, பட்டையை வைத்ததும் புகை எழும்பியது. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னா எரிச்சல்! அப்ப ஒரிஜினல் சரக்குதான்."

செல்வி இருமினாள். நான் ஃபேனைப் போட்டேன்.

பக்கத்து வீட்டு அந்தோணியம்மாக்காவின் வீட்டுக்காரருக்குத் திரேஸ்புரத்தில் படகு இருக்கிறது. சரியாக எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அக்கா நெத்திலி காயப் போடுவார். அன்றும், நான் ஃபேனை மாட்டி முடித்த பிறகு, போட்டிருந்தார். தாராளமாக.

சித்தியின் மூக்கு சுருங்கியது. "என்னம்மா, ஒரு மாதிரி கவுச்சி அடிக்கு?"

பெண் ஒரு முடிக்கற்றையை மூக்கருகே கொண்டுபோய், "சித்தி, என் தலையிலதான் அடிக்கு!" என்று அலறினாள்.

செல்வி பட்டையைக் கீழே வைத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அது மரைன் புரோட்டீன்ங்க. கடல்ல இருந்து எடுக்காங்க. முடிக்கு ரொம்ப நல்லது."

"கடல்ல இருந்துன்னா... மீனா?"

"பாசி! கடல் பாசி!"

"பாசிக்கு எதுக்குங்க கருவாட்டு வாசம்?"

சுத்த சைவத்துக்குக் கருவாட்டு வாசம் எப்படித் தெரியும் என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பெண்ணுக்கு அழுகை முட்டியது. "இதோட நான் எப்படி மணவறையில உக்காருவேன்? தலைக்கு ஊத்தவும் கூடாதாம்ல!"

செல்வி ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து ஃபேனுக்கு முன்னால் பிடித்தாள். அது பறந்து வந்து என் முகத்தில் ஒட்டியது.

"இதானா உங்க சர்குலேஷன்?"

ஃபேனை நிறுத்திவிட்டுச் சித்தியிடம் சொன்னாள்: "அக்கா, அது பக்கத்து வீட்டுக் கருவாடு. இவிய ஃபேனைத் திருப்பி மாட்டிட்டாவ. ஆனா கண்ணு எரியுதது இந்த மருந்தாலதான். அதுதான் கெடுதல்."

"கண்ணு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது! மொதல்ல சன்னலத் தொறங்க!"

தெருப்பக்க ஜன்னல் திறந்தது. வாசல் கதவு திறந்தது. ஏசியைச் சித்தியே அணைத்தார். இத்தனை நாளாகச் செல்வி கெஞ்சியும் எந்த வாடிக்கையாளரும் சம்மதிக்காத காரியம். விஷத்தால் ஆகாததைக் கருவாடு ஒரு நொடியில் முடித்துவிட்டது!

செல்வி அந்தத் தலையை ஷாம்பூ போட்டு மறுபடி மறுபடி அலசினாள். கருவாடு போனது. க்ரீமும் போனது. சுருட்டை திரும்பி வந்தது. பெண் முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சுருட்டையே இருக்கட்டும் சித்தி. கருவாட்டுக்கு இது மேல்."

அன்று சாயங்காலம் செல்வி இருமவே இல்லை.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து ஃபேனைச் சரியாகத் திருப்பினார். "யாரு அண்ணாச்சி இப்படி மாட்டினது?"

"யாரோ ஒருத்தன்" என்றேன்.

அடுத்த வாரம் இன்னொரு சுருட்டை முடி வந்தது. புகை முழுக்க வெளியே போனது. நான் மார்பை நிமிர்த்தி நிற்கும்போது ஜன்னல் வழியே, மதில் சுவருக்கு மேலே அந்தோணியம்மாக்காவின் தலை தெரிந்தது.

"ஏளா செல்வி! புதுசா என்னத்தளா வெளிய விடுத? என் நெத்திலில ஒரு ஈ கூட உக்கார மாட்டேங்கு! நல்லாத்தான் இருக்கு, தினமும் விடு!"

செல்வி சுவரைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஈயே வேண்டாங்குதே. நான் மட்டும் எதுக்குங்க இதை முழுங்கிட்டுக் கெடக்கேன்?"

வாசல் போர்டில் இருந்த 'ஸ்ட்ரெய்ட்டனிங்' என்ற எழுத்துகளை அன்றே சுரண்டி எடுத்துவிட்டாள். ஊர்ச் சரக்குக்கெல்லாம் எச்சரிக்கை ஒட்டுகிற எனக்கு, வராத ஓர் ஈ வந்து புத்தி சொல்ல வேண்டியிருந்தது.

அது விஷப் புகை என்று அக்காவிடம் உண்மையைச் சொன்னோம். "அதுக்கென்ன, நல்லா அலசிட்டா போச்சு" என்று சிரித்துவிட்டு, எங்களுக்கும் ஒரு பொட்டலம் நெத்திலி கொடுத்தார்.

அதை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை.