இரைச்சல் நீக்கப்பட்ட தேசப்பன்

மச்சினிச்சி கிருபாவின் கல்யாண ரிசப்ஷனில் மேடை ஏறிப் பாடியே தீருவது என்று தேசப்பன் முடிவெடுத்தான். மரக்காணத்து உப்பளம் முழுக்க மழைத்தண்ணி நின்றது. பாத்தி முழுகிப்போனால் உப்பளத்து ஆளுக்கு வாயைத் தவிர வேறு வேலை கிடையாது.

பெண்டாட்டி சூர்யகலாவுக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை. பொறந்த வீட்டு சனம், மாப்பிள்ளை வீட்டு சனம், அத்தனை பேர் முன்னாடி இவர் பாடுவதா? தொண்டை கெட்டுப்போகும் என்றாள். போகாது என்றான். கூச்சமாக இருக்கும் என்றாள். உனக்குத்தானே, எனக்கு இல்லையே என்றான். கடைசியில் அவள் அழுதே பார்த்தாள். தன் பாட்டை நினைத்துத்தான் உருகுகிறாள் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

அவனிடம் அத்தாட்சி இருந்தது. ஒரு கேசட். கல்யாணத்துக்கு முந்தி கிளியனூர் திருவிழாவில் அவன் பாடியதை மைக்செட்காரர் பதிந்து கொடுத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் டீ வருவதற்குள் கேசட் வந்துவிடும். கேட்டவர்கள், "நல்லாத்தான் இருக்குது, ஆனா ஒண்ணும் சரியா கேக்கலை" என்று எழுந்து போவார்கள்.

கேட்காமல் போனதற்கும் அவனேதான் காரணம். ஒரு மழைக்காலத்தில் கேசட்டில் பூஞ்சை பிடித்தது. மீனை உப்பில் புதைத்தால் கெடுவதில்லை, கேசட் மட்டும் ஏன் கெடப்போகிறது என்று யோசித்தான் உப்பளத்துக்காரன். பானையில் கல்லுப்பைக் கொட்டி அதை நடுவில் புதைத்தான். தை மாசம் தோண்டி எடுத்தபோது கேசட் கருவாடாகியிருந்தது. துடைத்துப் போட்டால் ஓடத்தான் ஓடியது. ஆனால் கடலுக்கு நடுவில் நின்றுகொண்டு எவனோ கரையைக் கூப்பிடுகிற மாதிரி ஒரே இரைச்சல். அன்றிலிருந்து எல்லாப் பழியும் உப்புக்குத்தான்.

கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. மாவரைத்துக்கொண்டே சூர்யகலா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தக் கேசட்டைக் கிளீன் பண்ணிட்டா என்ன?"

"எப்படி? சோப்பு போட்டா?"

"இப்பல்லாம் பழைய பாட்டுல இருக்கிற இரைச்சலை கம்ப்யூட்டர்ல எடுத்துடறாங்களாம். பெரிய முதலியார்சாவடியில ஜான்சன்னு ஒருத்தர் செய்றாராம். உங்க கொரல் மட்டும் தனியா நிக்கும். அதைக் கேட்டுட்டு கிருபா பாடச் சொன்னா பாடுங்க, நான் குறுக்க நிக்கலை."

குரல் மட்டும் தனியாக நிற்கும். அந்த ஒரு வார்த்தையில் தேசப்பன் தொபுக்கென்று விழுந்தான். மறுநாளே கேசட்டை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

ஜான்சனின் ஸ்டூடியோ, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ஒரு சின்ன ரூம். கேசட் காலத்தில் கீழ்ச்சத்தமும் வராது, மேல்சத்தமும் வராது, நடுவில் கொஞ்சம்தான் வரும், இப்போது பாடுகிறவன் எச்சில் முழுங்கினால்கூடக் கேட்கும் என்று ஜான்சன் விளக்கம் சொல்லி, தேசப்பன் காதில் ஹெட்போனை மாட்டினான். மெஷினைத் தட்டினான். கடல் வற்றியது. இன்னொரு தட்டு. உப்பு கரைந்தது. இன்னொன்று. தேசப்பன் குரல் மட்டும் தனியாக நின்றது.

நின்றிருக்கவே வேண்டாம். சுருதி திண்டிவனம் பஸ்ஸில் போனது, அவன் பாண்டிச்சேரி பஸ்ஸில் போனான். பல்லவியில் மூச்சு வாங்கியது. சரணத்தில் மூச்சு மட்டும்தான் பாடியது. இத்தனை வருஷமாக இரைச்சலில் அமுங்கிக் கிடந்த இன்னொரு குரலும் கூட்டத்திலிருந்து பளிச்சென்று கேட்டது: "டேய், அவன் கையிலேர்ந்து மைக்கை வாங்குடா." கடைசியில் கைதட்டல். பாட்டுக்கு என்று நம்பியிருந்தான். பாட்டு முடிந்ததற்கு என்பது இப்போது தெளிவாகவே கேட்டது.

உப்பு அவனுக்குத் துரோகம் செய்யவில்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது.

"ஏம்பா, இன்னும் கொஞ்சம் எடுக்க முடியாதா?"

"எல்லாம் எடுத்தாச்சுண்ணே. இதுக்கு மேல எடுக்கணும்னா உங்களத்தான் எடுக்கணும்."

தேசப்பன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். பிறகு, இரைச்சலைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டான். ஜான்சன் சிரிக்கவில்லை. இப்போது பையன்கள் புதுப்பாட்டுக்கே கேசட் இரைச்சல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்றான். எவ்வளவு போட என்றதற்கு, கடல் அளவுக்கு என்றான் தேசப்பன்.

வீட்டுக்கு வந்ததும் போனில் போட்டுக் காட்டினான். ஓவென்று அலை அடித்தது. உப்பு ஊறிப்போச்சாம், கம்ப்யூட்டரே கைவிரிச்சிடுச்சாம் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். உள்ளுக்குள் பெருமூச்சு விட்டான்.

சூர்யகலா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அப்படியா? ஜான்சன் எனக்கு வாட்ஸப்ல அனுப்பினது நல்லாத் தெளிவா இருந்துச்சே."

தேசப்பன் போனில் ஓடிய அலையை நிறுத்தினான். அவன் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே அவள் ஜான்சனுக்கு போன் போட்டு, இரைச்சல் எடுத்ததும் தனக்கு ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறாள். வந்ததும் கிருபாவுக்கு அனுப்பிவிட்டாள். கிருபா வழியாக மாப்பிள்ளை வீடே கேட்டாயிற்றாம். மாமியார் வீட்டுப் பக்கம் இனி எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல், முந்தானை நுனியைப் பிடிக்காத குறையாகக் கேட்டான்.

"கிருபா என்ன சொல்லிச்சு?"

"உங்க பாட்டு கண்டிப்பா வேணுமாம். நீங்க மேடை ஏறிக் கஷ்டப்பட வேணாமாம். இதையே ஸ்பீக்கர்ல போட்டுக்கறாங்களாம்."

போன உயிர் பாதி திரும்பியது. "எப்பப் போடறாங்களாம்? மாலை மாத்தறப்பவா?"

"இல்லீங்க. ராத்திரி பத்து மணிக்கெல்லாம் மண்டபத்தைக் காலி பண்ணிக் குடுக்கணுமாம். அதுக்குள்ள எழுந்து போகாத சனத்துக்குப் போடறாங்களாம்."