மலைக்காகச் சேமிப்பவர்

மிதிவண்டியில் நெடும்பயணம் போகும் மனிதர்களுக்குள் ஒரு தனி இனம் உண்டு. நாளை பெரிய மலை ஏறவேண்டும் என்ற ஒரே காரணத்தால் இன்று ஒரு துரும்பையும் அசைக்காதவர்கள் இவர்கள். சேமிப்பாளர் என்று அழைப்போம். எதைச் சேமிக்கிறார் என்கிறீர்களா? தம் சக்தியை. செலவழிப்பது? பக்கத்தில் இருப்பவருடையதை.

நான் அறிந்த சேமிப்பாளர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் மேலாளர். துணைக்கு வந்தவர் அவர் மனைவியின் தம்பி. மருந்துக்கடையில் நாள் முழுதும் நின்றே வேலை பார்ப்பவர். கடைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இருவரும் ஏறப்போகும் மலைக் கணவாயின் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒருமுறையாவது அதன் உச்சிவரை மிதித்தே ஏறிவிடவேண்டும் என்று ஆசை வளர்த்தவர். முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய விடுப்பு. இன்னொரு முறை கிடைக்காது.

ஏறுவதற்கு முந்தின நாள், மலையடிவாரத்தை நோக்கிய சமவெளிப் பயணத்தில் எதிர்க்காற்று வீசியது. முன்னே போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னே வருபவர் பாதி உழைப்பில் வரலாம். இந்த நுட்பத்தைச் சேமிப்பாளர் நன்கு கற்றிருந்தார். பாதியை மட்டும் கற்றிருந்தார். இடம் மாறிக்கொள்ளவேண்டும் என்ற மறுபாதி அவர் பாடத்திட்டத்தில் இல்லை.

"நீ முன்னாடி போ மச்சான். பின்னாடி இருந்தாத்தான் உன்னை நான் கவனிச்சுக்க முடியும்."

கவனித்தார். மைத்துனர் சற்று விலகினால், காற்று தம்மேல் படுவதாகக் குறைபட்டார். கூடாரப் பையை, பின்பாரம் இருந்தால்தான் வண்டி தரையைப் பிடிக்கும் என்ற அரிய இயற்பியலை விளக்கி, மைத்துனர் வண்டியிலேயே கட்டவைத்தார். தம் சக்கரம் பஞ்சரானபோது மரத்தடியில் படுத்து, கால்களை ஒரு கல்லின்மேல் தூக்கிவைத்து, குருதி இதயத்துக்குத் திரும்பவேண்டியதன் அவசியத்தை உரைத்தபடியே, டயரை எந்தப் பக்கமிருந்து கழற்றவேண்டும் என்று பணித்தார். தண்ணீர் தீர்ந்ததும், பிடித்துவர எழுந்து நடந்தால் தசை சூடு ஆறிவிடும் என்று புட்டியை நீட்டினார். நாக்கை மட்டும் அவர் சேமித்ததே இல்லை.

"நாளைக்கு மலையில பாரு, நான் யாருன்னு தெரியும்."

மாலையில் அடிவாரத்து விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். மாடியறைக்கு மூட்டைகள் யார் தோளில் ஏறின என்று சொல்லவும் வேண்டுமா? சேமிப்பாளர் கட்டிலில் கிடந்து கால்களைச் சுவரில் சாய்த்து நீட்டியிருந்தார். மைத்துனர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால்சட்டையை மேலே சுருட்டிப் பார்த்தார். முட்டி பன் ரொட்டிபோல் உப்பியிருந்தது.

"மாமா, முட்டி மடங்கவே மாட்டேங்குது. நாளைக்கு என்னால முடியாது போலிருக்கு."

சேமிப்பாளர் காலை இறக்காமலே தலையை மட்டும் திருப்பினார்.

"அதுக்குத்தான்டா தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், சக்தியைச் சேமிச்சு வைன்னு."

விடிந்ததும் அவர் சாளரத்தைத் திறந்தார். மலையைப் பார்த்தார்; மூட்டைகளைப் பார்த்தார்; முன்னே போக ஆளில்லாத சாலையையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் குடும்பப் பாசம் பொங்கியது.

"உன்னை இந்த நிலைமையில விட்டுட்டு நான் மட்டும் ஏறினா, உங்க அக்கா என்னைப்பத்தி என்ன நினைப்பா?"

வண்டிகளைப் பேருந்தின் கூரையில் ஏற்றி ஊர் திரும்பினார்கள். மைத்துனர் சன்னலோரம் அமர்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, வளைவு வந்து மறைக்கும்வரை மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேமிப்பாளர் உறங்கினார். ஒரு துளியும் சிந்தாமல் அவருடைய சக்தி முழுதும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. மச்சானுக்காக ஒரு மலையையே விட்டுக்கொடுத்த கதையை இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

எனக்கு மிதிவண்டியே ஓட்டத் தெரியாதே என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒரு நீண்ட நாள் களைப்பே தெரியாமல் உங்களுக்குக் கழிந்திருந்தால், உடல் உரத்தை மெச்சிக்கொள்வதற்கு முன், வீட்டில் யாருக்கு முட்டி வீங்கியிருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.