உயிரோடிருக்கும் பெரியப்பாவுக்கு விளக்கு வைத்தது பற்றி

கெலுகோர், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை, பசியாறிய பிறகு

அன்பு மகள் ரூபினிக்கு, உன் பெரியப்பா தங்கராஜு எழுதிக்கொண்டது. கோலாலம்பூரில் நீயும் உன் அப்பா அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஆதாரத்துக்காக எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் சில நாட்களாக என் குரலை யாரும் நம்புவதில்லை, கேட்டவுடன் "தம்பிங்களா?" என்கிறார்கள். என் கையெழுத்து உனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி என் மகள் பிரமிளாவிடம் சொல்வேன். நடந்ததை முதலிலிருந்து படித்து, குற்றம் யாருடையது என்று நீயே நிதானமாக யோசித்து, உன்னுடையது என்று ஒத்துக்கொள்.

பிரமிளாவின் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பத்திரிகை வீடியோ செய்து தருகிறேன் என்று நீயாகத்தான் சொன்னாய். படங்களை அசைய வைப்பதுதானே உன் வேலை. முதலில் நீ அனுப்பியதில் ஒரு பந்தல், இரண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் பெயர்கள் மிதந்து வந்து நிற்கும், பிறகு பெற்றோர் படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாம் சப்பை. பந்தல் சப்பை, வாழைமரம் சப்பை, நான் சப்பை. துணிக்கு இஸ்திரி போட்டதுபோல எல்லோரும் திரையோடு திரையாகக் கிடந்தோம். கேட்டால், "ஃப்ளாட் டிசைன் பெரியப்பா, இப்ப எல்லாரும் இதான் கேக்குறாங்க" என்றாய்.

எனக்குச் சப்பை ஒன்றும் புதிதில்லை அம்மா. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தகடுகளைச் சோதித்து அனுப்புகிற வேலையில் தலை நரைத்தவன் நான். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும், எங்காவது துளி மேடு தெரிந்தால் எடுத்து ஒதுக்க வேண்டும். அந்தப் பழக்கமோ என்னவோ, நானும் எங்கேயும் மேடு தட்டாமலே இருந்துவிட்டேன். நம் குடும்பப் படம் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பார். ஓரத்தில் பாதித் தோள் தெரியும், யாரோ ஒருவர் தலைக்குப் பின்னால் ஒரு காது தெரியும், அது நான்தான். மகள் கல்யாணத்திலாவது ஒரு தடவை ஆளாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதில் என்ன தப்பு இருக்கிறது?

நீ பொறுமையாக விளக்கினாய். நிஜமான முப்பரிமாணம் செய்ய நாளாகும், அதற்குப் பதில் லேயர் ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறது என்றாய். ஒவ்வொரு படமும் ஒரு லேயர், கண்ணாடித்தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. மேலே இருப்பதன் நிழலைக் கீழே இருப்பதன்மீது விழவைத்தால் மேலே இருப்பது எழும்பி நிற்கும். ஓரத்தில் ஒரு பக்கம் வெளுப்பும் மறுபக்கம் கருப்பும் இழைத்துவிட்டால் தடிமன் வந்துவிடும். "மேடும் இல்ல, பள்ளமும் இல்ல பெரியப்பா. வெளிச்சம் ஒரு பக்கத்துலேர்ந்து வருதுன்னு கண்ணை நம்ப வைக்கிறோம், அவ்ளோதான் லா" என்றாய். அந்த ஒரு வாக்கியத்தை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து என் கண்ணே வேறாகிவிட்டது. காலையில் கடலோரம் நடக்கப் போவேனே, சூரியன் பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து எழுந்து வரும்போது பாலம் ஒரு லேயர், அதன்மேல் பனி ஒரு லேயர், ஒரு படகு, படகில் குனிந்திருக்கிற ஒரு மனிதன், எல்லாவற்றுக்கும் ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம். கடவுள் எவ்வளவு கவனமாக வேலை பார்த்திருக்கிறார், ஒரு சின்னச் செடிக்குக்கூட நிழலைத் தப்பான பக்கம் போடவில்லை என்று நினைத்துக்கொண்டே நின்றுவிடுவேன். நடக்க வந்தவர்கள் எல்லாம் நடந்து முடித்து வீடு திரும்பியிருப்பார்கள், நான் புறப்பட்ட இடத்திலேயே நிற்பேன். ஒருநாள் பசியாறப் போன கடையில் ரொட்டி சானாயின் ஓரத்தில் வெயில் விழுந்து, அந்த முறுகல் மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனி மலையாகத் தெரிந்தன. பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன், ரொட்டி ஆறிப்போனது. கடைக்காரர் வந்து, "என்ன அண்ணே, ரொட்டியில ஏதும் விழுந்திருச்சா?" என்றார். "நிழல் விழுந்திருக்கு" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் வேறு ரொட்டி கொண்டுவந்து வைத்தார்.

அதன் பிறகு உன்னிடம் சில திருத்தங்கள் சொன்னேன். சின்னத் திருத்தங்கள்தான். வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வரட்டும் என்றேன். நிழலின் தூரத்தைக் கூட்டச் சொன்னேன், தூரம் கூடினால் ஆள் முன்னால் வருவான் என்று நீதானே சொன்னாய். கூட்டினாய். இன்னும் என்றேன். "இதுக்கு மேல போனா பறக்குற மாதிரி ஆயிரும் பெரியப்பா" என்று நீ சொன்னது உண்மை. பறக்கட்டும் என்று நான் சொன்னதும் உண்மை. ஆனால் பெரியவர்கள் ஆயிரம் சொல்வார்கள், படித்த பிள்ளை அதையெல்லாம் அப்படியே செய்துவிடுவதா? உடம்பைச் சுற்றித் தங்க நிறத்தில் ஒளி கசியச் சொன்னேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மேலாளர் நோர்மா எனக்கு ரோஜா மாலை போட்டாரே, அந்தப் படத்தையே வைக்கச் சொன்னேன், பூவுக்குப் பூ மேடு தட்டும் என்று. கடைசியாக, இத்தனை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறவன் கேட்பானே என்று, எனக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கையும் வைக்கச் சொன்னேன். சோதனை வேலை பார்த்தவன் அப்படித்தான் யோசிப்பான். நீயும் வைத்தாய்.

வந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. பந்தல் மெல்ல விரியும், வாழையிலை அசையும், பொன்னொளிக்குள்ளிருந்து மாலையும் கழுத்துமாக நான் எழும்பி வருவேன், கால் தரையில் படாமல், மேகத்தின்மேல் வருவதுபோல. சுடர் அசையும்போது என் முகத்தில் வெளிச்சம் அசையும். பார்த்துக்கொண்டே நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவேன், கனவிலும் அதுவேதான் ஓடும், விழித்தால் மறுபடி ஓடவிடுவேன். இப்படி ஓர் ஆள் இந்த வீட்டில் இருந்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யாரிடமும் காட்டிக் கேட்கவில்லை. நானே எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் பசியாறி முடிப்பதற்குள் போன். என் போனுக்கு அல்ல, உன் பெரியம்மா நல்லம்மாளின் போனுக்கு. என்னோடு வேலை பார்த்த இர்வான், மலாயில் ஆறுதல் சொல்லிவிட்டு அழுதிருக்கிறான். நான் போனை வாங்கி, நான்தான் பேசுகிறேன் என்றேன். அழுகை சட்டென்று நின்றது. பிறகு, குரல் அண்ணனைப் போலவே இருக்கிறதே, நீங்கள் தம்பியா என்று கேட்டான். அவனுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் கீழ்வீட்டு ரோஹானா, துக்க வீட்டில் சமைத்திருக்க மாட்டார்கள் என்று, ஒரு சட்டி நிறையக் கஞ்சியோடு படியேறி வந்துவிட்டார். கதவைத் திறந்தது நான். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே காலைப் பார்த்தார். ஒரு சந்தேகத்துக்கு நானும் குனிந்து பார்த்தேன். இரண்டும் தரையில்தான் இருந்தன. கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்று கஞ்சியை வாங்கிக்கொண்டோம். நல்ல கஞ்சி.

உன் பெரியம்மா அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள். "மாலையப் போட்டு, முன்னால விளக்கையும் ஏத்தி, சுத்தி ஒளியும் விட்டு, ஆளு அந்தரத்துல நின்னா, நம்ம ஆளுங்க என்னங்க நினைப்பாங்க?" நம் வீடுகளில் யாருடைய படத்துக்கு மாலையும் விளக்கும் வைப்போம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நிழலையே பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துபோயிற்று. நீயும் மறந்தாய், அதைக் குறித்துக்கொள்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது மத்தியானம் வந்தது. மாப்பிள்ளை தனேஷ் பிரமிளாவுக்குப் போன் செய்தான். அவன் அப்பா ராமசாமி, நிபோங் திபாலில் இருக்கிற நம் சம்மந்தி, கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்கிறாராம். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று தனேஷ் எடுத்துச் சொல்லியிருக்கிறான், அவரும் நம்பியிருக்கிறார். "ஆளு இருக்காரு, சரி. ஆனா பொண்ணோட அப்பனுக்கு விளக்கு வெச்ச பத்திரிகை ஊரு பூரா போயிருச்சே. அதை வெச்சுக்கிட்டு எப்படிப்பா நல்ல காரியம் பண்றது? ஒரு வருசம் போகட்டும்" என்றாராம். பிரமிளா அறைக்குள் போய்க் கல்யாணப் புடவையை எடுத்து, மடித்ததையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் போய் நின்றேன். "ஏன்பா, உங்க மூஞ்சி தெரியணும்னா என் கல்யாணந்தான் கிடைச்சுதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

நேரில் போய் நிற்பது என்று முடிவாயிற்று. ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் காடி ரிப்பேராகிப் பட்டறையில் கிடந்தது, அதனால் நானும் உன் பெரியம்மாவும் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ரயில் பிடிப்பதாக ஏற்பாடு. நடுக்கடலில் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேலே மேகம், கீழே பச்சைத் தண்ணீர், பின்னால் ஜார்ஜ் டவுன் மெல்ல மெல்லச் சப்பையாகிக்கொண்டே போகிறது. எஞ்சின் சத்தம் தாலாட்டுவதுபோல் இருந்தது. உண்மையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டேனோ, இப்படித்தான் இருக்குமோ, நன்றாகத்தானே இருக்கிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை, காற்று மட்டும் வருகிறது என்று தோன்றியது. "கம்பியப் பிடிங்க. விழுந்து கிழுந்து தொலைச்சா வீடியோ உண்மையாயிரும்" என்று உன் பெரியம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நிபோங் திபாலில் நல்ல வெயில். சம்மந்தி வாசலுக்கு வந்து, என் காலைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் "வாங்க" என்றார். எல்லோரும் காலையே பார்க்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் நல்ல செருப்பாகப் போட்டுப் போயிருப்பேன். உட்கார்ந்தோம், தேத்தண்ணி வந்தது. வெளிச்சத்தின் கோணம், நிழலின் தூரம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். லேயர் ஸ்டைல் என்ற இடத்துக்கு வந்தபோது சம்மந்தி கண்ணை மூடிக்கொண்டார். உன் பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணே, இருக்கிற ஆளைச் செத்துட்டாருன்னு சொன்னா ஆயுசு கூடும்னு நம்ம ஆளுங்க சொல்றதில்லையா? இவரை ஊரே சேர்ந்து சொல்லிருச்சு. இனிமே ஆயுசு கெட்டி. பொண்ணைக் குடுக்கிற அப்பன் நூறு வயசு இருக்கப் போறாரு, அது உங்களுக்கு அபசகுனமா?"

சம்மந்தி கண்ணைத் திறந்தார். "அது சரிதான் தங்கச்சி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஊரு ஒத்துக்கணும் லா" என்று எழுந்து, என் கையைப் பிடித்து வெயிலில் இறக்கி, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். "எங்க சம்மந்தி. நடக்குறாரு பாருங்க. நிழலும் விழுது பாருங்க" என்று வீட்டுக்கு வீடு நிறுத்திச் சொன்னார். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து, அது உள்ளே போகிறதா என்று பார்த்தார்கள். மகளுக்காக அதையும் குடித்தேன். திரும்பும்போது சம்மந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. முதலில் குறித்த தேதியே இருக்கட்டும் என்றார். அங்கேயே நின்று பிரமிளாவுக்குப் போன் செய்தேன். "சரிப்பா" என்றாள், பிறகு வெகுநேரம் அழுதாள்.

சம்மந்தி சொன்ன நிபந்தனை ஒன்றுதான். புதிதாக ஒரு வீடியோ போக வேண்டும், அதில் விளக்கு கிடையாது, மாலை கிடையாது, யாரும் எழும்பி வரவும் கூடாது. ஆகவே ரூபினி, இதைப் படித்த கையோடு என்மேல் இருக்கிற எல்லாவற்றையும் கழற்றிவிடு. நிழலை எடு, ஒளியை எடு, ஓரத்து மேட்டையெல்லாம் இழைத்துவிடு. பழையபடி அப்பளமாக ஒரு மூலையில் ஒட்டிக்கொள்கிறேன், யார் தலைக்குப் பின்னால் வைத்தாலும் சம்மதம். இனி நிழல் என்ற பேச்சை நான் எடுத்தால் தயங்காமல் போனை வைத்துவிடு.

உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல். உன் அப்பாவுக்கு, அதாவது போனில் எல்லோரும் என்னை யாரென்று நினைக்கிறார்களோ அந்த என் தம்பிக்கு, என் அன்பைச் சொல். கை வைத்ததெல்லாம் துலங்கி, கண் வலி இல்லாமல், நல்ல துணை அமைந்து நீ நெடுநாள் வாழ முருகன் பார்த்துக்கொள்வான். ஆயுள் விஷயத்தில் இப்போது என்னிடம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அதிலிருந்தும் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற உன் பெரியப்பா,
தங்கராஜு

பி.கு.: மேலே சொன்னபடி எதையும் செய்யாதே. கடிதத்தைப் பிரமிளாவிடம் கொடுப்பதற்கு முன், அழிக்கப் போகிற வீடியோதானே, கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று ஓடவிட்டேன். உன் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு இடது பக்கத்தில் கருப்பாக ஒரு திட்டு தெரிந்தது. "இங்க என்னமோ அழுக்கு மாதிரி இருக்கே, என்னது?" என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். "அது நான்தாங்க" என்றாள்.

முதல் நாளே பார்த்தாயா என்று கேட்டேன். "பார்த்தேன். நீங்க அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

கூட்டு, இன்னும் கூட்டு என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேனே அம்மா, அந்த நிழல் யார்மேல் போய் விழுகிறது என்று பார்க்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளுடைய லேயரை என் லேயருக்கு மேலே கொண்டு வா. மாலையும் விளக்கும் மட்டும் வேண்டாம், மற்றபடி எனக்குச் செய்ததையெல்லாம் அவளுக்குச் செய். முகம் நன்றாகத் தெரிய வேண்டும். அவள் நிழல் என்மேல் எவ்வளவு விழுந்தாலும் சரி, குறைக்காதே. சம்மந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.