உலகத்தில் ஒன்றுமே நடக்காத நாள்

யாராவது பிறந்த நாள் என்று சொன்னால், வாழ்த்துவதற்கு முன்பே அந்தத் தேதியில் உலகத்தின் எந்த மூலையில் எது இடிந்தது, எது மூழ்கியது என்று சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் கேக் படத்துக்குக் கீழே நான் ஒரு எரிமலையைப் போட்டேன். குழந்தையின் அப்பா அன்றிலிருந்து லிஃப்டில் என்னைப் பார்த்தால் படியில் இறங்குகிறார்.

வியாதி முற்றியது வேலைக்குப் போகிற வழியில். புனேயில் எங்கள் வீடு வாகடில், வேலை ஹிஞ்சேவாடியில். நடுவில் இருப்பது ஒரு கொட்டாவி தூரம்தான். ஆனால் அந்த நெரிசலில் கம்பெனி கேப் அதைக் கடப்பதற்குள் ஒரு சாம்ராஜ்யம் எழுந்து, ஆண்டு, விழுந்தும் விடும். மற்றவர்கள் தூங்கினார்கள். நான் கைபேசியில் 'வரலாற்றில் இன்று' படித்தேன். இருபது வருடம் இப்படிப் படித்தால் யார் வேண்டுமானாலும் சரித்திர ஆசிரியர் ஆகிவிடலாம். நான் ஆனது தொந்தரவு.

என் மனைவி கோமதிக்கு இது கல்யாணமான புதிதிலேயே தெரியும். "நமக்குக் கல்யாணம் ஆன தேதியிலதான் டைட்டானிக் முழுகிச்சு" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"தெரியுது" என்றாள்.

எங்களுக்கு மேல் மாடியில் இருக்கிற பெண்மணியின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில். அந்த அம்மாவை லிஃப்டில் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் கோமதி ஒரு பெருமூச்சு விட்டு, "குடுத்து வச்சவ" என்பாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்து, தமிழை இந்தியில் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிற எங்கள் மகள் நித்யா, அம்மாவிடமிருந்து பழுதில்லாமல் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொற்றொடர் அதுதான்.

அந்த நித்யாவின் கல்யாணத்தைத்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டத்தட்ட நிறுத்தினேன்.

பையன் சமீர், அவளோடு வேலை பார்க்கிறவன். நாராயண் பேட்டில், ஆற்றுக்கு அருகே, பரம்பரையாக இருக்கும் மராத்திக் குடும்பம். பையனின் அப்பாவும் அம்மாவும் சாது. அந்த வீட்டில் முடிவெடுப்பவர் அப்பாவின் அக்கா. எல்லோருக்கும் அவர் 'ஆத்யா', அதாவது அத்தை. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தம்பி தாத்தா ஆகப்போகிற வயதிலும் வளர்ப்பதை அவர் நிறுத்தவில்லை. மதராசிப் பெண் என்று கேட்டதும் மூன்று மாதம் யோசித்து, பாதி மனதோடு சரி என்றிருந்தார். மீதிப் பாதிக்காகத்தான் நாங்கள் அன்று போனோம்.

போகிற காரியம், நிச்சயத்துக்குத் தேதி குறிப்பது. அவர்கள் அதைச் 'சாக்கர்புடா' என்கிறார்கள். பெண் கையில் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து உறுதி செய்வது. எங்களுக்கு ஆடி பிறந்துவிட்டால் ஆகாது. அவர்களுக்கு ஆஷாட ஏகாதசி வந்துவிட்டால் நான்கு மாதம் ஆகாது. ஆகஸ்டில் பையனைக் கம்பெனி ஜெர்மனிக்கு இரண்டு வருடம் அனுப்புகிறது. இந்த மூன்று கதவுகளும் சாத்திக்கொள்வதற்குள் பொட்டலம் கைமாற வேண்டும். தவறினால் ஆத்யாவுக்கு யோசிக்க இரண்டு வருடம் கிடைக்கும். நாராயண் பேட்டில் பெண்களுக்கா பஞ்சம்?

காரில் நித்யா பின்சீட்டிலிருந்து என் தோளைத் தொட்டாள். "அப்பா, ப்ளீஸ் ஹான். இன்னிக்கு நோ ஹிஸ்டரி."

"நான் வாயே திறக்க மாட்டேம்மா."

"வாய் திறங்க. போஹே சாப்பிடணும். ஆனா ஹிஸ்டரி நஹி."

"எழுதி வாங்கிக்க" என்றாள் கோமதி.

முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவர்கள் வீடு இப்போது நாலு மாடிக் கட்டடம். வாசலில் மட்டும் பழைய கல்தூண் ஒன்றை இடிக்காமல் விட்டிருந்தார்கள். அதில் என் தலைக்கு மேலே ஒரு கோடு செதுக்கி, பக்கத்தில் என்னவோ எழுதியிருந்தது. குடையை மடக்கிக்கொண்டே நான் கோமதியிடம், "கணபதிக்குப் பந்தல் கட்டுற அளவு" என்று விளக்கம் சொன்னேன். (தெரியாததை விளக்குவது அதே வியாதியின் கிளை.)

உள்ளே எல்லாம் ஒழுங்காக ஆரம்பித்தது. ஆத்யா மெலிந்து, நிமிர்ந்து, சுவர்க் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பெரிய தட்டுகளில் போஹே வந்தது. நம் ஊர் அவல் உப்புமாதான், வேர்க்கடலையும் எலுமிச்சையும் கூட. பேச்சு இந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றையும் மிக்ஸியில் போட்டு எடுத்தது. உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

எங்கள் பஞ்சாங்கமும் அவர்கள் பஞ்சாங்கமும் ஒத்துப்போன தேதிகள் சொற்பம். ஆத்யா முதல் தேதியைச் சொன்னார்: "ஜூன் பதினெட்டு."

எல்லோரும் தலையாட்டினோம். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பையனின் அப்பா மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, "நீங்க சரித்திரத்துல பெரிய ஆளுன்னு சமீர் சொன்னான். பதினெட்டுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டார்.

கேட்டார், சொன்னேன். (கேட்காமலிருந்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கியிருக்க மாட்டேன்.) "வாட்டர்லூ போர். ஐரோப்பாவையே ஆட்டிவைத்த ஒரு சக்கரவர்த்தி ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனது அன்றைக்குத்தான்."

ஆத்யா போஹே தட்டைக் கீழே வைத்தார். "நகோ" என்றார். வேண்டாம்.

நித்யா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"சரி, இருபத்தஞ்சு" என்றார் ஆத்யா.

அந்தத் தேதி கிடைத்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கெடுத்ததைச் சரிசெய்ய இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? "பிரமாதமான நாள்! கிரிக்கெட்டில் இந்தியா முதல் உலகக் கோப்பை ஜெயித்த நாள்" என்றேன். பையனின் அப்பா கைதட்டினார். சமீர் கட்டைவிரலை உயர்த்தினான். ஆத்யாவே லேசாகச் சிரித்தார். கோமதி என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். நிறுத்துங்க என்று அர்த்தம். நான் அதைச் சபாஷ் என்று எடுத்துக்கொண்டேன்.

"அது மட்டுமில்லை" என்றேன். "எமர்ஜென்சி கொண்டுவந்ததும் அதே தேதிதான். கொரியாவில் போர் வெடித்ததும்."

"நகோ."

"ஏங்க," கோமதி தமிழில், முகத்தில் சிரிப்பைக் கலைக்காமல் சொன்னாள், "அந்தப் போஹேய வாயில போட்டு அடைச்சுக்கிட்டு இருங்க. இல்லன்னா நான் அடைக்கேன்."

"சம்பந்தி அம்மா என்ன சொல்றாங்க?" என்று பையனின் அம்மா ஆவலாகக் கேட்டார்.

"போஹே நல்லா இருக்காம்" என்றாள் நித்யா. உடனே என் தட்டில் இன்னொரு கரண்டி விழுந்தது.

ஜூன் இருபத்தெட்டு வந்தபோது நான் உண்மையாகவே வாய் திறக்கவில்லை. சத்தியம். ஆனால் என் முகம் திறந்துகொண்டது. ஆத்யா கூர்ந்து பார்த்து, "என்ன?" என்றார்.

"ஒன்றுமில்லை."

"பரவாயில்லை, சொல்லுங்க."

"ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டார்கள். அதனால் முதல் உலகப் போர் வந்தது."

"அவர் மட்டுமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "கூட மனைவியும்தான். காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்."

பையனின் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். சமீர், "ஆத்யா, எல்லா நாள்லயும் யாராவது செத்துக்கிட்டுதான் இருப்பாங்க" என்று மெதுவாக ஆரம்பித்தான். "என் காதுல விழுந்துட்டுதே" என்றார் ஆத்யா. மறுக்க முடியாத வாதம். ஜூன் தீர்ந்துவிட்டது. நித்யாவின் கண் கலங்கத் தொடங்கியிருந்தது. ஆத்யா காலண்டரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவசரப்பட வேண்டாம். பையன் போயிட்டு வரட்டுமே" என்றார்.

நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்த வாக்கியம் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போய் நின்றிருப்பான். நான் மகளைக் காப்பாற்ற எழுந்தேன். காலண்டரில் ஜூலையைத் திருப்பினேன். மனதுக்குள் ஒவ்வொரு தேதியாகத் தட்டிப் பார்த்தேன். புரட்சி, குண்டு, முற்றுகை என்று எல்லாத் தேதியும் சத்தம் போட்டது. பன்னிரண்டு மட்டும் சத்தமே போடவில்லை. பஞ்சாங்கத்திலும் பழுதில்லை.

"ஜூலை பன்னிரண்டு!" என்றேன். குரலில் கண்டுபிடிப்பாளனின் கர்வம். "ஆத்யா, என் பேச்சை நம்புங்கள். நான் இருபது வருடம் படித்தவன். இது பால் மாதிரி சுத்தமான தேதி. உலக சரித்திரத்தில் அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கோழிகூடச் செத்ததில்லை."

பையனின் அப்பா தரையைப் பார்த்தார். சமீர் கண்களை மூடிக்கொண்டான். அமைதியை நான் சம்மதம் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

ஆத்யா எழுந்தார். "வாங்க" என்றார்.

மாடிப்படி இறங்கி வாசலுக்கு வந்தோம், அவர் முன்னால், நான் பின்னால், எனக்குப் பின்னால் மற்ற எல்லோரும். கல்தூணின் முன் என்னை நிறுத்தினார். என் தலைக்கு மேலே இருந்த கோட்டைக் காட்டி, "படிங்க" என்றார்.

பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தேன். பான்ஷேத். பன்னிரண்டு ஜூலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று.

"பான்ஷேத் அணை உடைஞ்சு ஊருக்குள்ள வந்த தண்ணி, இதுவரைக்கும் நின்னுது," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "நான் சின்னப் பொண்ணு. இதோ நிக்கிறானே இவன், என் இடுப்புல. பர்வதி மலைக்கு ஓடினோம். திரும்பி வந்தப்ப இந்தத் தூண் மட்டும் நின்னுது. வீடு இல்ல."

பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நீங்க எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க?" என்று கேட்டார் ஆத்யா.

"முப்பது ஆகப்போகிறது. முதலில் சாங்வி, அப்புறம் வாகட்."

"உங்க வீட்டுக்குத் தண்ணி எந்த அணைலேருந்து வருது?"

வாட்டர்லூவில் எந்தப் பக்கம் எந்தப் படை நின்றது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யோசித்து, தெரிந்த உண்மையைச் சொன்னேன்: "டேங்கர்."

முதலில் சிரித்தது சமீரின் அப்பா. அடக்கப் பார்த்து முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் மனைவி. ஆத்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்ணின் தகப்பன் கெட்டவன் இல்லை, வெறும் முட்டாள்தான் என்று அவருக்குத் தெளிவானது அந்தப் பார்வையில் தெரிந்தது. சம்பந்தம் பேசும் இடத்தில் அது பெரிய நிம்மதி போலும். மேலே வந்ததும், யாரையும் கேட்காமல், என்னை நிச்சயமாகக் கேட்காமல், "ஜூலை அஞ்சு" என்றார். அப்புறம் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை வீட்டார் எங்களிடம் கேட்ட ஒரே சீர் அதுதான்: அன்று நான் பேசக் கூடாது.

கோமதி அந்தச் சீரைத் தாராளமாகச் செய்தாள். ஜூலை ஐந்தாம் தேதி காலையிலிருந்து என் பக்கத்தை விட்டு நகரவில்லை. சர்க்கரைப் பொட்டலம் கைமாறியது. நித்யா சிரித்தாள். யாரோ விவரம் தெரியாத உறவினர் என் கையில் மைக்கைத் திணித்து, "பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை" என்றார். மண்டபமே மூச்சைப் பிடித்தது. ஆத்யா நாற்காலி நுனிக்கு வந்தார். எனக்கோ ஜூலை ஐந்து என்ன நாள் என்று நன்றாகத் தெரியும். அது தொண்டை வரை வந்து முட்டியது. விழுங்கினேன். "நல்ல நாள்" என்றேன். சொன்னபடி இரண்டே வார்த்தை. உட்கார்ந்துவிட்டேன். பலத்த கைதட்டல். பெண்ணின் அப்பா ரொம்ப கம்பீரம் என்று அவர்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம்.

இப்போதெல்லாம் எங்கள் இரண்டு வீடுகளிலும் நான் "இந்தத் தேதியில்தான்" என்று ஆரம்பித்தால், யாராவது ஒருவர் "மே" என்று ஆடு மாதிரிக் கத்துவார்கள். சமீர் ஜெர்மனியிலிருந்து வீடியோ காலில் கத்தினான். ஆத்யா போனில் கத்துகிறார், அவர் வயதுக்கு நல்ல குரல். ஏன் ஆடு என்று புதியவர்கள் கேட்கிறார்கள். காரணம், நிச்சயம் முடிந்து திரும்பும்போது காரில் நடந்தது.

என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்த நித்யாவுக்கே பாவமாக இருந்தது. "சொல்லிடுங்க, பா. இல்லன்னா வெடிச்சிடுவீங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?"

கோமதியைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அனுமதிதான்.

"உலகத்தின் முதல் குளோனிங் ஆடு பிறந்த நாள்மா" என்றேன், ஒரே மூச்சில். "வளர்ந்த ஆட்டின் ஒரு செல்லிலிருந்து எடுத்து உண்டாக்கியது. யோசித்துப் பார். தகப்பன் என்கிற ஒருத்தன் இல்லாமலே பிறந்த ஆடு!"

நித்யா சர்க்கரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டாள்.

"குடுத்து வச்ச ஆடு" என்றாள்.