மூன்றாம் பொத்தான்

தன் மனைவிக்குச் சமையல் புகையை இழுக்கும் சிம்னி வாங்கித் தருவதென்று சுருக்கெழுத்தாளர் ஒரு திங்கட்கிழமை முடிவு செய்தார். பதினோரு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அவர், "ஜன்னலைத் திறந்து வை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிளகாய் வறுக்கும்போதெல்லாம் அவள் இருமினாள். அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இப்போது திடீரென்று அவர் மனம் இளகியதற்கும் அந்த இருமலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முந்தின நாள் கோர்ட் கிளார்க் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே அடுப்புக்கு மேலே சிம்னி ஓடிக்கொண்டிருந்தது. கிளார்க்கின் மனைவி உள்ளே நின்று கையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசினாள். வாய் அசைந்தது, ஒரு சொல் வெளியே வரவில்லை. கிளார்க் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, "சரி சரி" என்றபடி டீ குடித்தார். அந்த மனுஷன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துச் சுருக்கெழுத்தாளருக்கு வயிறு எரிந்தது.

அவர் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அடுத்தவர் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. வக்கீல் தும்மினால் அதையும் எழுதலாமா என்று யோசிக்கிற காது அவருடையது. அந்தக் காதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே இவள் ஆரம்பிப்பாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவளுக்குப் பேச இருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் அதை ஓவர்டைம் என்று எடுத்துக்கொண்டார்.

இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வரிசையாக மாட்டியிருந்த சிம்னிகளில் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"இதைப் பாருங்க சார். ஓடுறதே தெரியாது. கீழ நின்னு ரகசியம் பேசலாம்."

"வேண்டாம்" என்றார் சுருக்கெழுத்தாளர்.

"எனக்கு இது பிடிச்சிருக்கு" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. சத்தமே வராத மோட்டார் என்னத்தைப் புகையை இழுக்கும்? உன் நெஞ்சு என்னத்துக்கு ஆகுறது?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் நெஞ்சைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

"பெரிய மோட்டார் ஒண்ணு இருக்கு சார்" என்றார் கடைக்காரர். "ஆனா மூணாவது பொத்தானை அழுத்தினா கொஞ்சம் இரைச்சல் வரும். வீட்ல இருக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க."

"யாரும் வர மாட்டாங்க. போட்டுக் காட்டுங்க."

கடைக்காரர் மூன்றாம் பொத்தானை அழுத்தினார். மனைவி என்னவோ கேட்டாள். அவருக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. ஆனந்தக் கண்ணீர் வராத குறைதான்.

"இதையே குடுத்துடுங்க."

"குழாய் விடணும் சார். சுவரை உடைக்கணும். இல்லேன்னா புகையை உள்ளேயே வடிகட்டி விடுற மாடல் இருக்கு, ஆனா அவ்வளவு நல்லா இழுக்காது."

"தாராளமா உடைங்க."

பதினோரு வருஷமாகச் சுவரில் ஆணி அடிக்கவே விடாத மனிதர் இதைச் சொன்னார். மனைவி அதையும் கவனித்துக்கொண்டாள்.

மாட்ட வந்த மெக்கானிக் சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே விட்டுப் போகும்போது சுருக்கெழுத்தாளர் கோர்ட்டில் இருந்தார். மாலையில் வந்து பார்த்தால் சிம்னி ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு முன்னால் கடையில் கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை. உறுமலோடு கூடவே படபடபடவென்று யாரோ தகரத்தில் அடிப்பது போல ஒரு சத்தம்.

"சத்தம் கொஞ்சம் கூடவோ?" என்று கத்தினார், பேச்சுக்கு.

"பெரிய மோட்டார் இல்லையா" என்று அவளும் கத்தினாள். "நீங்க பார்த்து எடுத்தது."

அதன் பிறகு நான்கு மாதம் அவர் ராஜாவாக வாழ்ந்தார். அவள் வெந்நீர் வைத்தால்கூட மூன்றாம் பொத்தான்தான். அடுப்பைப் பார்த்தபடி பேசுவாள். பேச்சு நின்றதும் அவரைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் "சரி" என்பார். ஒரே வார்த்தை சலிப்பாக இருக்குமே என்று நடுநடுவே "உன் இஷ்டம்" என்றும் சொல்லி வைப்பார். அதைக் கேட்டு அவள் முகம் மலரும். ஒரு பெண்டாட்டியைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். இதற்கிடையில் அவள் இருமல் நின்றுபோயிருந்தது. அதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

ஒரு நாள் காலை வாசலில் பெட்டி இருந்தது. அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"வேலைக்கு."

"என்ன வேலை?"

"நர்ஸிங் காலேஜ் ஹாஸ்டல்ல சமையல் பொறுப்பு. நூத்தி இருபது பிள்ளைங்க. தங்கறதுக்கு ரூம் குடுத்திருக்காங்க. மாசத்துல ரெண்டு நாள் வந்து பார்த்துட்டுப் போறேன்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?"

"உங்களைத்தான்."

"என்னையா? எப்போ?"

அவள் சமையலறைக் கதவோரம் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து வந்தாள். பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

"ரெண்டு மாசம் முன்னால ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வேலைக்கு மனு போடட்டுமான்னு கேட்டேன். சரின்னீங்க. பத்தொன்பதாம் தேதி, நேர்ல வரச் சொல்றாங்க, போகட்டுமான்னேன். உன் இஷ்டம்னீங்க. போன மாசம் மூணாம் தேதி, அங்கேயே தங்கணுமாம்னு சொன்னேன். அதுக்கு ரெண்டு தடவை சரின்னீங்க. ரெண்டையும் எழுதியிருக்கேன்."

"சிம்னியைப் போட்டுட்டுப் பேசினா எனக்கு எப்படிக் காதுல விழும்?"

"விழலைன்னா விழலைன்னு சொல்லியிருக்கலாமே."

அவர் காலண்டரைப் பார்த்து விழித்தார். கூண்டில் நின்று எத்தனையோ பேர் இப்படி விழித்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"இதெல்லாம் செல்லாது" என்றார் கடைசியில்.

"உங்க கோர்ட்ல ஒரு ஆளைக் கேட்டு, அவர் சரின்னு சொன்னா என்னன்னு எழுதுவீங்க?"

"சம்மதம்னு எழுதுவோம்."

"அதான். உப்பு ஜாடி கீழ்த்தட்டுல இருக்கு. ஈரக்கையோட தொடாதீங்க."

வண்டி வந்தது. போய்விட்டாள்.

அவர் பத்து நாள் தனக்குத்தானே சமைத்துப் பார்த்தார். பேச ஆள் இல்லாத வீட்டில் அந்தப் படபடச் சத்தம் மண்டையைப் பிளந்தது. சிம்னியை நிறுத்தினால் புகை. இருமல் இப்போது அவருடையது. மாட்டிய அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் வந்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அந்த அலமாரியில ஒரு தீப்பெட்டி இருக்கும், எடுங்க சார்."

தீப்பெட்டிக்குள் ஒரே ஒரு ஸ்க்ரூ இருந்தது. மெக்கானிக் அதை வாங்கிக்கொண்டு வெளியே போய் ஏணியில் ஏறினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாம் பொத்தானை அழுத்தினால் சிம்னி சும்மா உம்மென்று ஓடியது. தெருவில் சைக்கிள் மணி அடித்தது உள்ளே கேட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். குழாய் வாயில ஒரு மூடி இருக்கு. அதுல ஸ்க்ரூ இல்லாமதான் ஆடி ஆடி அடிச்சுது. மோட்டார் நல்ல மோட்டார்."

"இதை மாட்டின அன்னிக்கே முறுக்கியிருக்கக் கூடாதா?"

"முறுக்கினேனே. அம்மாதான் திரும்பக் கழட்டச் சொன்னாங்க. சத்தம் பத்தலை, சார் ஆசைப்பட்டு எடுத்தது, வந்தா ஏமாந்துடுவார்னாங்க."

மெக்கானிக் போன பிறகு சுருக்கெழுத்தாளர் காலித் தீப்பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்தார். பேசிப் பேசிக் காதைத் தின்கிறாள் என்று நினைத்திருந்தார். கேட்காத காதுக்கு எதையெல்லாம் சொன்னாளோ. அத்தனையும் வேண்டும் போல இருந்தது. வெட்கத்தை விட்டுப் போன் போட்டார்.

ஹாஸ்டலில் அது சமையல் நேரம். அவள் எடுத்ததும் பின்னால் பெரிய பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்களின் இரைச்சல் வந்தது. அவர் அதற்கு மேல் குரலை உயர்த்தினார். சிம்னி சரியாகிவிட்டது, இனி அவள் முணுமுணுத்தாலும் கேட்கும் என்றார். தப்பு தன்னுடையதுதான் என்றார். இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தனியாக இருக்க முடியவில்லை, வந்துவிடு என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேசி முடித்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சரி" என்றாள்.

அவருக்கு உயிர் வந்தது. "அப்போ எப்போ வர்றே?"

"சரி" என்றாள்.