தாடி கட்சிக்காரரின் கடைவாய்ப்பல்

"வாயைத் திறங்க சார்" என்று மறுபடியும் சொன்னார் பல் டாக்டரம்மா.

லிஃப்ட் மெக்கானிக் திறக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, 'மாட்டேன்' என்று தலையை மட்டும் ஆட்டினார். இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

இத்தனைக்கும் ஆள் பயந்தாங்கொள்ளி இல்லை. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், இருட்டுக் குழிக்குள் இறங்கி, அந்தப் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு விசிலடித்தபடி ரிப்பேர் பார்ப்பவர். ஆனால் பல் டாக்டரின் நாற்காலி பின்னால் சாயத் தொடங்கினால் போதும், மனிதருக்குக் கைகால் உதறல் எடுத்துவிடும். இதற்கு முன்னால் ஒரு கிளினிக்கில் "கை கழுவிட்டு வந்துடுறேன்" என்று எழுந்து போனவர், வீட்டுக்கு வந்துதான் கை கழுவினார். இன்னொரு கிளினிக்கில் கழுத்தில் கட்டிய துணியோடு பஸ் ஏறிவிட்டார். கண்டக்டர் அவரைச் சலூனிலிருந்து ஓடி வந்தவர் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த முறை ஓட முடியாது. சனிக்கிழமை 'இரும்புக் குடை' வருகிறது.

இரும்புக் குடை ஒரு ராக் இசைக்குழு. நாற்பது வருடமாக விடாமல் பாடிக்கொண்டிருக்கிறது. முதலில் பாடியவருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. ரசிகர்களுக்கு அவர் 'தாடி'. அவர் கோபித்துக்கொண்டு விலகிய பிறகு வந்தவருக்குத் தலை நிறையச் சுருட்டை முடி. அவர் 'சுருட்டை'. எந்தக் காலம் பொற்காலம் என்பதில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். 'ரெண்டுமே நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லும் நல்ல மனுஷனை இரண்டு கட்சியும் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

மெக்கானிக் தாடி கட்சி. அதிலும் தீவிரம். சொந்தத் தம்பி சுருட்டை கட்சிக்குத் தாவியதும் அவனோடு பேச்சையே நிறுத்திக்கொண்ட ரகம்.

சனிக்கிழமை, ஒரே ஒரு கச்சேரிக்காகத் தாடி மேடைக்குத் திரும்புகிறார். வயதாகிவிட்டது, இனி பாட மாட்டாராம். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் தாடியை நேரில் கேட்க முடியாது. டிக்கெட்டும் வாங்கியாயிற்று. ஆனால் அது மெக்கானிக்கின் மனைவியின் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது.

"பல்லைப் பிடுங்கிட்டு வாங்க, டிக்கெட் தர்றேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள் மனைவி. "இந்தக் கன்னத்தை வச்சிக்கிட்டு அந்தக் கூட்டத்துல போய் நின்னா, எவனாவது ஒரு இடி இடிச்சான்னா என்ன ஆகும்?"

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். இத்தனை வருடமாக மெக்கானிக் சாயங்காலமானால் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு இரும்புக் குடையைப் பற்றிப் பேசுவார். தாடியின் குரல், சுருட்டை வந்து குழுவைக் கெடுத்த கதை, எந்தப் பாட்டில் எந்த இடம் உசத்தி, எல்லாம். அவள் வாயில் குண்டூசியைக் கவ்வியபடி "ம்" என்பாள். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

"இந்த வீட்ல நான் சுவத்துகிட்ட பேசிட்டிருக்கேன்" என்று அலுத்துக்கொள்வார். பார்ப்பதற்குக் கேலியாகத் தெரிந்தாலும், அவருக்கு அது உண்மையிலேயே ஒரு மனக்குறை.

இப்போது மனைவி வெளியே வரவேற்பறையில், கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஓடினால் பிடிப்பதற்கு வசதியான இடம்.

டாக்டரம்மா கையிலிருந்த கண்ணாடிக் குச்சியைத் தட்டில் வைத்தார். சின்ன வயசுக்காரர். மெக்கானிக்கின் பனியனைக் குனிந்து பார்த்தார். தைரியத்துக்காக அவர் போட்டு வந்த பனியன். அதில் தாடி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

"ஓ, நீங்க தாடி கட்சியா?"

மெக்கானிக்கின் கண்கள் விரிந்தன. ஆனாலும் வாய் திறக்கவில்லை. 'ஆமாம்' என்று பெருமையாகத் தலையசைத்தார்.

டாக்டரம்மா ஒரு கணம் மேலே சீலிங்கைப் பார்த்தார். பிறகு, "சுருட்டை வந்த அப்புறம்தானே சார் அந்தக் குழு உருப்பட்டுச்சு?" என்றார்.

"என்னது!" என்றார் மெக்கானிக்.

'என்' சொல்லத் திறந்த வாய் 'னது'வுக்கு மூடுவதற்குள் கண்ணாடிக் குச்சி உள்ளே போய்விட்டது.

"கடைவாய்ப்பல்தான். சொத்தை வேர் வரைக்கும் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா குச்சியை வெளியே எடுத்தார்.

மெக்கானிக் சட்டென்று வாயை மூடிக்கொண்டு யோசித்தார். குறடு இருப்பது அந்தம்மாவின் கையில். அதைப் பிடித்திருக்கிற கையோடு கட்சி பேசுவது புத்திசாலித்தனம் இல்லை. ஒத்துக்கொண்டு போய்விடுவதுதான் உடம்புக்கு நல்லது. தாடி மன்னிப்பார்.

'நீங்க சொன்னா சரி' என்பது போலத் தலையை ஆட்டினார்.

"சும்மா எனக்குப் பயந்துட்டு ஒத்துக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. "சுருட்டையோட 'ஈரச் சுவர்' பாட்டு ஒண்ணு போதாதா? அந்த ஆரம்பத்துல கீபோர்டு வருமே, அடடா! தாடி காலத்துல அந்த மாதிரி ஒரு இடம் உண்டா?"

தாடி மன்னிப்பார் என்று நினைத்தது தப்பு. மெக்கானிக்காலேயே மன்னிக்க முடியவில்லை.

"அதுக்குப் பேரு கீபோர்டாங்க? வாசல்ல காலிங் பெல் அடிக்கிற மாதிரி..."

சுருக்கென்று ஈறில் ஊசி இறங்கியது. மற்ற நாளாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பார். இப்போது, ஒருவர் பேசும்போது நடுவில் ஊசி போடுவது என்ன மரியாதை என்றுதான் தோன்றியது.

"இனிமே வலிச்சா பேசாதீங்க, கையை மட்டும் தூக்குங்க" என்றார் டாக்டரம்மா. "தாடி கச்சேரியில சுருதி விலகுவாராமே, அப்படியா?"

மெக்கானிக் கையைத் தூக்கினார்.

"வலிக்குதா? இருங்க." இன்னொரு ஊசி.

வலிக்கவில்லை, ஆட்சேபணை என்று சொல்ல மறு கையையும் தூக்கினார்.

"அட, அவ்வளவு வலியா?" அந்தப் பக்கமும் ஓர் ஊசி.

இப்போது நாக்கு யாருடையதோ ஆகிவிட்டது. கன்னம், உதடு, மோவாய் எல்லாம் சொல்லிக்கொள்ளாமல் எங்கேயோ போய்விட்டன. மெக்கானிக் எழுந்து உட்கார்ந்து, "ஹாஹி ஹோன ஹன்னாஹி..." என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் புரியல சார்."

"ஹாஹி!" என்று பனியனை இழுத்துக் காட்டினார். தன் கட்சிக்காக வாதாட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் உண்டு. கதவைப் பார்த்துக் கை நீட்டினார். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க. உங்க வீட்டுக்காரர் என்னமோ சொல்றார்" என்றார்.

மனைவி கைப்பையோடு வந்து நாற்காலி பக்கத்தில் நின்றாள். மெக்கானிக் கையைக் காலை ஆட்டி நீளமாக ஏதோ முழங்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"தாடி போனதும் டிரம்ஸ் சத்தத்தைப் பாதியாக் குறைச்சுட்டாங்களாம். அன்னைக்கே குழு செத்துப்போச்சாம். இப்ப இருக்கிறது வெறும் பேருதானாம்" என்றாள்.

மெக்கானிக் அசந்துபோனார். அச்சு அசலாக அதைத்தான் சொன்னார். 'பரவாயில்லையே, கட்டிய மனைவி என்றால் பாஷை தேவையில்லை' என்று நெகிழ்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மனைவி கைப்பையின் வாரைத் திருகினாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு... சுருட்டைதான்."

மெக்கானிக்கின் பிடி தளர்ந்தது.

ஒரே வீடு. ஒரே சாப்பாட்டு மேசை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து 'ம்' கொட்டியவள், மனசுக்குள் ஒரு சுருட்டை கட்சிக்காரியாக இருந்திருக்கிறாள்! தம்பி துரோகம் செய்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. பல் எந்தப் பக்கம் வலித்தது என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

மனைவி அதோடு நிறுத்தவில்லை. "'தகர நிலா'ன்னு ஒரு பாட்டு இருக்கு டாக்டர். கடைசியில 'ஆ'ன்னு ஒரு நீளமான இழுப்பு வரும். தாடியால அதை முழுசாப் பிடிக்க முடியாது. பாதியிலேயே மூச்சு வாங்கிடும். சுருட்டை ஒரே மூச்சுல முடிச்சுடுவார்."

"ஹொய்!" என்றார் மெக்கானிக். பொய் என்று அர்த்தம். இதற்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"தாடியை விடுங்க, எந்த மனுஷனாலயும் முடியாது" என்றார் டாக்டரம்மா. "அப்படி ஈஸின்னா சார் பாடிக் காட்டட்டுமே."

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மெக்கானிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். நெஞ்சு புடைக்க மூச்சை இழுத்தார். பனியனில் தாடி செய்தது போலவே கண்ணை மூடினார். வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்தார்.

"ஆ...!"

சத்தம் வரவேற்பறையைத் தாண்டி மாடிப்படி வரை போனது. முறைக்குக் காத்திருந்த ஒருவர் ஓசைப்படாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஆ...!"

டாக்டரம்மா குனிந்து நெருங்கி வந்தது கண்ணை மூடியிருந்தவருக்கு நிழலாகத்தான் தெரிந்தது. சுருதி சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார் போல. மனைவி தோளில் தாளம் போட்டாள். தாடையை யாரோ பிடித்து அமுக்குவது போல இருந்தது. பாட விடாமல் செய்யும் சுருட்டை கட்சியின் சதி. விடவில்லை.

"ஆ...!"

காதுக்குப் பக்கத்தில் 'கடக்' என்றது. நாற்காலியில் ஏதோ திருகு கழன்றிருக்கிறது, எண்ணெய் போட்டுப் பல மாதம் ஆகியிருக்கும் என்று அவருடைய மெக்கானிக் மூளை ஒரு கணம் நினைத்தது. அப்புறம் மூச்சு முடிகிற மட்டும் இழுத்து, தாடி நிறுத்தும் அதே இடத்தில் கம்பீரமாக நிறுத்தினார். கண்ணைத் திறந்து, 'எப்படி?' என்று புருவத்தை உயர்த்தினார்.

டாக்டரம்மா பாராட்டவில்லை. வாய் நிறையப் பஞ்சை வைத்து அடைத்தார்.

"நல்லாக் கடிச்சுக்கோங்க. கொஞ்ச நேரம் பேசவே கூடாது. இப்ப நான் சொல்றேன், நீங்க கேளுங்க" என்று சொல்லிவிட்டு, சுருட்டையின் காலம் ஏன் பொற்காலம் என்று சாவகாசமாக விளக்க ஆரம்பித்தார். மனைவி நடுநடுவே எடுத்துக் கொடுத்தாள்.

எதிர்க்கட்சிக்காரன் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு விவாதம் நடத்தும் அநியாயத்தை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் பொறுத்தார். இரண்டு நிமிடம் பொறுத்தார். 'தாடி தானாகப் போகவில்லை, போகச் சொன்னார்கள்' என்று டாக்டரம்மா சொன்ன இடத்தில் பொறுமை அறுந்தது.

கழுத்துத் துணியைப் பிய்த்து எறிந்தார். நாற்காலியிலிருந்து குதித்தார். தாடியைப் பழித்த கையால் என் பல்லைத் தொட விடமாட்டேன், இந்த வீக்கத்தோடு சாகிறேன், கச்சேரியும் வேண்டாம் டிக்கெட்டும் வேண்டாம், மானம்தான் பெரிசு என்று பஞ்சின் வழியாக அவர் முழங்கியது, அறையிலிருந்தவர்களுக்கு 'ம்ம்ம்' என்று மட்டும் கேட்டது. சனிக்கிழமை தாடி தன்னை விட்டுவிட்டுப் பாடப்போவதை நினைத்ததும் பனியனை ஒரு தடவை தடவிக்கொண்டார். இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

வரவேற்பறையில் ஒரு ஈ காக்கை இல்லை. அவர் பாடின பாட்டில் காத்திருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மேசைக்குப் பின்னால் ரிசப்ஷன் பெண் மட்டும் இருந்தாள்.

"ஹல்லு ஹிடுங்க மாட்டேன்!" என்று அவளிடம் அறிவித்தார். "ஹேற டாக்டர்கிட்ட ஹோறேன்!"

நாள் முழுக்க இந்த பாஷையையே கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு எல்லாம் புரிந்தது. மேசைமேல் இருந்த சின்ன பிளாஸ்டிக் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"எதுக்கு சார் இன்னொரு டாக்டர்? இந்தாங்க, உங்க பல்லு. நீங்க பாடும்போதே வந்துடுச்சு, நான்தான் கழுவி எடுத்து வச்சேன்."

மெக்கானிக் டப்பாவைக் குலுக்கினார். உள்ளே கடகடவென்றது. விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பல் இருந்த இடத்தில் பஞ்சுதான் இருந்தது. நாற்காலியில் எந்தத் திருகும் கழலவில்லை.

பல் போய்விட்டது, கச்சேரி திரும்பக் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கட்சிக்காரர் கட்சிக்காரர்தானே. பஞ்சை ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, விரலை நீட்டினார்.

"இருக்கட்டும்மா. ஆனா 'தகர நிலா'வுல தாடிக்கு மூச்சு வாங்காது. தப்பா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு உங்க டாக்டர்கிட்ட கண்டிப்பாச் சொல்லிடு" என்றார், மேலே சொன்ன பாஷையில்.

ரிசப்ஷன் பெண் உள்ளே டாக்டரம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டிருந்த அவர் மனைவியை எட்டிப் பார்த்தாள்.

"அதை நீங்க உங்க வீட்டம்மாகிட்டதான் சொல்லணும் சார், எங்க டாக்டருக்குப் பாட்டுன்னாலே ஆகாது, நேத்து சாயங்காலம் பூரா இங்க உக்காந்து, எதைச் சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்னு ஒண்ணு விடாம டாக்டருக்குப் பாடம் எடுத்துட்டுப் போனது அவங்கதான்."