கண்காட்சிக்குத் தேர்வான ஓட்டை

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக வைத்து எண்ணத் தக்கது அந்த மாநகராட்சியின் 'இல்லம் காக்கும் கரம்' திட்டம்தான். வீட்டைப் பழுதுபார்க்க வசதியில்லாதவர்களுக்கு மாநகராட்சியே ஆளையும் பொருளையும் அனுப்பிச் சரிசெய்து தரும். எப்போது தருவது என்பது பற்றி அது இடைவிடாமல் கூடிப் பேசியும் வந்தது.

தையற்காரம்மா அந்தத் திட்டத்தை நம்பி விண்ணப்பித்தவள். அவள் வீட்டுத் தகரக் கூரையில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. அதை அடைக்க ஏறிய கணவர், ஏணியின் உதவியில்லாமல் இறங்கினார். இப்போது வலது காலில் மாவுக்கட்டு. இருப்பதோ ஒற்றை அறை. ஒரு சுவரோரம் தையல் இயந்திரமும் வெட்டு மேசையும், மறு சுவரோரம் கட்டில். ஓட்டைக்கு நேர் கீழே மாவுக்கட்டு. கட்டிலைத் திருப்பிப் போட்டால் கதவு திறக்காது.

"மழையே தேடி வந்து காலைக் கழுவி விடுது. எனக்கென்ன குறைச்சல்?" என்பார் கணவர், கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டே.

"உங்க வாய்க்கும் ஒரு கட்டு போடச் சொல்லியிருக்கணும்," என்பாள் அவள்.

சிரிப்பு அதோடு நின்றுவிடும். இன்னொரு முறை கட்டு ஊறினால் எலும்பு கோணலாகச் சேரும், மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்தக் கால்தான் பிரேக்.

திட்ட மேற்பார்வையாளர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அருமை," என்றார் கடைசியில். "இப்படி ஒரு ஓட்டைய என் சர்வீஸ்ல பாத்ததில்லம்மா."

"அடைச்சுக் குடுத்துருவீங்களா சார்?"

"அடைக்கிறதா? அவசரப்படாதீங்க. கண்காட்சி வருது. திட்டத்துக்கு 'முன்', திட்டத்துக்குப் 'பின்'னு ரெண்டு வீடு காட்டணும். உங்க வீட்டை 'முன்'னுக்குத் தேர்ந்தெடுத்திருக்கோம்."

"அப்ப 'பின்'?"

"அது ரெடி. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் புதுசாக் கட்டியிருக்காரு."

பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர், ஓட்டை வழியே வானம் தெரிகிறதே என்று வியந்தார். இன்னொருவர் சொட்டு விழும்வரை பொறுமையாகக் காத்திருந்து, விழுந்ததும் கைதட்டினார்.

"சார், தண்ணி என் கால்மேல விழுது," என்றார் கணவர், பையை இறுக்கிப் பிடித்தபடி.

"அதுதாங்க காட்சிக்கே உயிர். கொஞ்சம் அசையாம இருங்க," என்றார் மேற்பார்வையாளர்.

ஒரு நாள் மேகம் கறுத்துத் திரண்டது. தையற்காரம்மா இயந்திரத்தை நிறுத்தினாள். கூரையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். தெருமுனையில் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு டப்பாவில் தார் கேட்டு வாங்கினாள். தகரத் துண்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"ஏய், நீயும் விழுந்து வச்சா எனக்கு யாருடி சோறு போடுவா?"

"மாநகராட்சிக்கு எழுதிப் போடுங்க," என்றது கூரை.

மழை கொட்டியது. கூரை இரைந்தது. அறைக்குள் ஒரு சொட்டும் இல்லை. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மழைக்கு இப்படியொரு நல்ல குரல் உண்டென்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மேற்பார்வையாளர் ஓடிவந்தார். வெளியூர் மேயரம்மா திட்டத்தைப் பார்வையிட அன்று மதியமே வருகிறாராம். சொல்லிக்கொண்டே அண்ணாந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கம்மா அது?"

"எது சார்?"

"ஓட்டை!"

"அடைச்சுட்டேன்."

அவர் வெட்டு மேசையில் பொத்தென்று உட்கார்ந்தார். "தேர்வான ஓட்டைம்மா அது! யாரைக் கேட்டு அடைச்சீங்க?"

"என் வீட்டு ஓட்டை சார்."

"அவங்கவங்க வீட்டை அவங்கவங்களே சரிபண்ணிக்கிட்டா, அப்புறம் மாநகராட்சி எதுக்கும்மா?"

பதிலுக்குக் காத்திராமல் கைப்பேசியை எடுத்தார். திட்டத்தின் மேன்மையை இங்கேதான் காண வேண்டும். இதுநாள்வரை ஆளில்லை, ஏணியில்லை, வண்டியில்லை என்றிருந்த மாநகராட்சி, அவர் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் மூன்றையும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. சீருடை அணிந்த கூரைவேலைக்காரர் உளியும் சுத்தியலுமாக மேலே ஏறினார். தார் பெயர்ந்தது. தகரத் துண்டு பறந்தது. ஓட்டை முன்னைவிட அகலமாக, விளிம்பு சீராக, பார்ப்பதற்கு லட்சணமாக அமைந்தது.

"அண்ணே, உங்களுக்கே இது நல்லாருக்கா?" என்று கீழிருந்து கேட்டாள் அவள்.

கூரைவேலைக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிச்சிரும்மா. இந்தத் திட்டத்துல சேந்து எனக்கு வந்த மொத வேலையே இதுதான்."

மேயரம்மா வந்தார். கூடவே கேமராக்களும் மழையும் வந்தன. முதல் சொட்டு மாவுக்கட்டின்மேல் விழுந்தது. எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கும் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த வீட்டுக்கு மாநகராட்சி என்னம்மா செஞ்சு குடுத்துச்சு?" என்று மேயரம்மா பரிவோடு கேட்டார்.

"கூச்சப்படாம சொல்லுங்கம்மா," என்று தூண்டினார் மேற்பார்வையாளர்.

தையற்காரம்மா மேலே கை காட்டினாள்.

"அதோ, அந்த ஓட்டைங்க. முந்தி இருந்தது துரு போட்டது. இது மாநகராட்சி போட்டுக் குடுத்தது."